பென்ஷன்தாரரிடம் பழைய வரி பாக்கி: வசூலிக்கட்டும், ஆனால் இரண்டு மடங்காகவா?

போன மாதம் சேனலில் போட்ட ஃபார்ம் 15எச் வீடியோவில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். அப்போது கணக்கு முடியவில்லை, பணமும் கட்டி முடிக்கவில்லை. இப்போது இரண்டும் முடிந்துவிட்டது. வீடியோவில் எண்களைப் படித்தால் யாருக்கும் மனதில் நிற்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மே 2025. காலை ஒன்பது மணிக்கு அப்பாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் எனக்கு மீட்டிங் இருக்கும் என்று தெரிந்தும் கூப்பிட்டார். "தம்பி, இன்கம்டாக்ஸ்ல இருந்து மெசேஜ் வந்திருக்குடா. நான் ஏதோ கணக்கு காட்டலையாம்." குரல் ஒரு மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருஷம் அரசுப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அடுத்தவர் சம்பளப் பில்லில் ஒரு ரூபாய் பிசகினால்கூட உட்கார்ந்து திருத்தியவர். அவரிடம் போய் நீங்கள் கணக்கு காட்டவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

முதலில் மோசடி மெசேஜ் என்றுதான் நினைத்தேன். "லிங்க் எதையும் தொடாதீங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரி வருமான வரி போர்ட்டலில் அவர் கணக்கைத் திறந்தேன். மெசேஜ் உண்மைதான். 2022-23 நிதியாண்டில் இவ்வளவு வருமானம் பதிவாகியிருக்கிறது, ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை, சரிபார்க்கவும் என்று இருந்தது.

ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்தால் எல்லாமே அங்கே இருக்கிறது. கருவூலம் கொடுத்த பென்ஷன், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்ட வட்டி, எஃப்டி வட்டி. எதையும் யாரும் மறைக்கவில்லை. அப்பாவுக்கே தெரியாத பைசா கணக்குகூட அதில் இருந்தது.

கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பென்ஷன் மாதம் 40,000, வருஷத்துக்கு 4,80,000. நிலையான கழிவு 50,000 போனால் 4,30,000. சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம், 7.4 சதவீதம், வட்டி 74,000. அப்பாவின் சொந்த எஃப்டி 5 லட்சம், 6 சதவீதம், வட்டி 30,000. இதுவரைக்கும் கூட்டினால் 5,34,000. மூத்த குடிமக்களின் டெபாசிட் வட்டிக்கு 80டிடிபி பிரிவில் 50,000 கழிவு உண்டு. மிச்சம் 4,84,000. பழைய வரி முறையில் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ரிபேட் கிடைக்கும், வரி பூஜ்யம். ஆக அதற்கு முந்தைய வருஷங்களில் அப்பா வங்கியில் கொடுத்த 15எச் முழுக்க நியாயமானது. அதுவரை தப்பே இல்லை.

தப்பு ஆரம்பித்தது என்னிடம்.

2022 தொடக்கத்தில் வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்த 15 லட்சம் என் கையில் இருந்தது. வீடு அமையவில்லை. நம்மில் நிறைய பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். அப்பா பேரில் எஃப்டி போட்டேன். மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி. அது மட்டும் காரணமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பேரில் போட்டால் 5.5 சதவீதத்தில் வரும் 82,500 வட்டிக்கு 30 சதவீத வரி, செஸ் சேர்த்து 25,740 கட்டணும். அப்பா பேரில் போட்டால் 90,000 வட்டி வரும், வரி கிடையாது. அப்படித்தான் நினைத்தேன். மனைவி பேரிலோ மைனர் பிள்ளை பேரிலோ போட்டால் அந்த வட்டி நம் வருமானத்தோடு சேர்ந்துவிடும். பெற்றோருக்குக் கொடுத்தால் சேராது. இதை நானே ஒரு பழைய வீடியோவில் "டிப்ஸ்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வீடியோவை இப்போது எடுத்துவிட்டேன்.

அந்த 90,000 சேர்ந்ததும் அப்பாவின் வருமானம் 4,84,000-லிருந்து 5,74,000 ஆனது. ஐந்து லட்சத்தைத் தாண்டியதும் ரிபேட் மொத்தமாகப் போய்விடும், தாண்டிய பகுதிக்கு மட்டும் போகாது. முதல் மூன்று லட்சத்துக்கு இல்லை. அடுத்த இரண்டு லட்சத்துக்கு 5 சதவீதம், 10,000. மீதி 74,000-க்கு 20 சதவீதம், 14,800. செஸ் சேர்த்து 25,790.

நான் மிச்சம் பிடித்தது 25,740. அப்பா தலையில் விழுந்தது 25,790.

அந்த ஏப்ரலில் வங்கி ஆப்பில் 15எச் நிரப்பியதும் நான்தான். அதில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று, இந்த வங்கியில் வரப்போகும் வட்டி. இன்னொன்று, அந்த வருஷத்தின் உத்தேச மொத்த வருமானம். இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டேன், 1,94,000. பென்ஷன் என் நினைவிலேயே இல்லை. போன வருஷமும் கொடுத்தோம், இந்த வருஷமும் கொடுப்போம் என்ற பழக்க தோஷம். 15எச் கொடுக்காமல் இருந்திருந்தால் வங்கி 10 சதவீதம், அதாவது 19,400 பிடித்திருக்கும். அப்போதாவது "ஏன் பிடிச்சாங்க?" என்று அப்பா கேட்டிருப்பார், நானும் கணக்கைப் பார்த்திருப்பேன்.

சரி, 25,790 பாக்கி. கட்டிவிடலாம் என்றுதானே நினைப்பீர்கள்? ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பது அப்டேட்டட் ரிட்டர்ன் என்ற வழி மட்டும். 2022-ல் கொண்டுவந்தார்கள். முதலில் இரண்டு வருஷ அவகாசம்தான் இருந்தது, 2025 பட்ஜெட்டில் நான்கு வருஷமாக்கினார்கள். தாமதத்துக்கு ஏற்ப வரி, வட்டி இரண்டின் கூட்டுத்தொகை மேல் கூடுதல் வரி உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து முதல் வருஷத்துக்குள் 25 சதவீதம், இரண்டாவது வருஷம் 50, மூன்றாவது 60, நான்காவது 70.

ஜூனில் தாக்கல் செய்தோம். வரி 25,790. தாமத வட்டி மாதம் ஒரு சதவீதம், 23 மாதத்துக்கு 5,911. தாமதக் கட்டணம் 5,000. அதற்கு மேல் 50 சதவீதக் கூடுதல் வரி 15,851. மொத்தம் 52,552 ரூபாய்.

இதே ரிட்டர்னை மார்ச் 31-க்குள் போட்டிருந்தால் கூடுதல் வரி 25 சதவீதம்தான், மொத்தம் 43,700-க்குள் முடிந்திருக்கும். வட்டி விவரங்களை வங்கிகள் ஒவ்வொரு வருஷமும் மே மாத முடிவுக்குள் துறைக்குக் கொடுத்தாக வேண்டும். அதாவது 2023-லேயே எல்லாம் துறையின் கையில் இருந்திருக்கிறது. மெசேஜ் வந்தது 2025 மேயில், சதவீதம் ஏறிய பிறகு. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாமதத்துக்கான விலையை ஒரு பக்கம் மட்டும்தான் கொடுக்கிறது.

ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் நடந்த சண்டை

இதை மதிய சாப்பாட்டில் சொன்னேன். அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை.

டீமில் 26 வயசுப் பையன் ஒருவன் நேராகவே கேட்டான். "அண்ணா, 2022-23ல என் டாக்ஸபிள் இன்கமும் கிட்டத்தட்ட 5.74தான். ஒரு ரூபா தப்பிக்க முடியல. மாசாமாசம் பிடிச்சுட்டுத்தான் கொடுத்தாங்க. உங்க அப்பாவுக்கு ஏன் பாவம் பார்க்கணும்?"

அவன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 60 வயதுக்குக் கீழே என்பதால் விலக்கு இரண்டரை லட்சம்தான். வரி 28,392. மாதம் 2,366 ரூபாய். அந்த நேரத்தில் அவன் வேளச்சேரியில் நான்கு பேரோடு ஒரு அறையில் இருந்தான், கல்விக் கடன் கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் அப்பாவுக்குச் சொந்த வீடு, கடன் கிடையாது. வயசை மட்டும் வைத்து யார் பாவம் என்று முடிவு செய்ய முடியாது. அவன் கேட்டதில் தப்பே இல்லை.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கொதித்துவிட்டார். "வயசானவங்ககிட்ட போய் மூணு வருஷம் கழிச்சு வட்டி போட்டுக் கேக்குறதெல்லாம் என்ன நியாயம்? கோடிக்கணக்குல ஏமாத்துறவன விட்டுடுறாங்க." இந்த வாதம் நம் ஊரில் எப்போதும் கைதட்டல் வாங்கும். எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. கோடி ஏமாற்றுபவனைப் பிடிக்காதது ஒரு குறை. அதற்காக இருபதாயிரம் பாக்கி வைத்தவர் கட்ட வேண்டாம் என்று ஆகாது. அப்படிப் பார்த்தால் மாதச் சம்பளக்காரன் மட்டும்தான் இந்த நாட்டில் வரி கட்டணும்.

என் நிலைப்பாடு இது. 25,790 கட்டியே ஆகணும். வயசைக் காரணம் காட்டி அதில் ஒரு பைசா தள்ளுபடி கேட்க எனக்கு மனசு வரவில்லை. மாதம் ஒரு சதவீத வட்டி, அதாவது வருஷத்துக்கு 12, எஃப்டி வட்டியைப் போல இரண்டு மடங்கு. இருந்தாலும் அரசுக்குச் சேர வேண்டிய பணம் நம் கையில் இருந்தது, சரி என்று விடலாம். எனக்குச் சண்டை அந்த 15,851-ல்தான்.

ஏன் என்று சொல்கிறேன். அப்டேட்டட் ரிட்டர்னில் கூடுதல் வரி வைத்ததற்கு ஒரு நியாயம் உண்டு. மறைத்தவன் தானாக வந்து சொல்கிறான், அவனுக்கு வழக்கு இல்லாமல் ஒரு கதவு திறந்திருக்கிறது, அதற்கு நுழைவுக் கட்டணம். ஆனால் பென்ஷனும் வங்கி வட்டியும் மட்டுமே உள்ள ஒருவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டையும் கொடுப்பவர்களே துறைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வாடகையை ரொக்கமாக வாங்கி மறைப்பவரும், எல்லாமே ஏஐஎஸ்ஸில் இருக்கிற பென்ஷன்தாரரும் ஒரே கதவு வழியாக, ஒரே கட்டணம் கொடுத்து வர வேண்டியிருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். கருவூலம் 4,80,000 மட்டும் பார்க்கிறது. கழிவு போனால் 4,30,000, பிடிக்க வேண்டியதில்லை. வங்கி 1,94,000 மட்டும் பார்க்கிறது, 15எச் இருக்கிறது, பிடிக்க வேண்டியதில்லை. அவரவர் பார்வையில் அவரவர் செய்தது சரி. இரண்டையும் கூட்டிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது துறையின் கம்ப்யூட்டர். அது கூட்டிப் பார்த்து இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறது.

வேறு ஊரிலும் இதே கதை

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012 ஜனவரியில் அயர்லாந்தில் சுமார் 1,50,000 பென்ஷன்தாரர்களுக்கு வரித்துறையிலிருந்து கடிதம் போனது. அங்கே அரசு முதியோர் பென்ஷன் வரிக்கு உட்பட்டது, ஆனால் கொடுக்கும்போது வரி பிடிக்க மாட்டார்கள். பழைய கம்பெனி பென்ஷனில் பிடிப்பார்கள், ஆனால் அந்தக் கம்பெனிக்கு அரசு பென்ஷன் பற்றித் தெரியாது. நம்ம கருவூலம், வங்கி கதை மாதிரியே. சமூகப் பாதுகாப்புத் துறையிடமிருந்து தகவல் வந்ததும் வரித்துறை மொத்தமாகக் கடிதம் அனுப்பியது. அதில் சுமார் 1,15,000 பேர் கூடுதலாக வரி கட்ட வேண்டியவர்கள். பெரிய கூச்சல். கடிதம் உண்டாக்கிய பயத்துக்காக வரித்துறைத் தலைவர் ஜோசஃபின் ஃபீஹிலி நாடாளுமன்றக் குழு முன்பு மன்னிப்புக் கேட்டார். வரி கேட்டது தப்பு என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். கேட்ட விதத்துக்குத்தான் மன்னிப்பு.

பிரிட்டனில் இதற்கு ஒரு பழைய சலுகை விதியே இருக்கிறது. வரித்துறையிடம் தகவல் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது, அவர்கள் அதை உரிய காலத்தில் பயன்படுத்தவில்லை, வரி கட்டுபவரும் தன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நியாயமாக நம்பியிருந்தார் என்றால், பாக்கியையே விட்டுக்கொடுக்கலாம். 2010-ல் சம்பளத்திலும் பென்ஷனிலும் பிடித்த வரியில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தவறு இருந்தது தெரியவந்தபோது, இந்த விதியைக் காட்டி விண்ணப்பம் போடச் சொல்லிப் பத்திரிகைகளே வழிகாட்டின. அப்போது 300 பவுண்டுக்குக் கீழே இருந்த பாக்கியை அரசே கேட்காமல் விட்டது.

எனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அப்பா விஷயத்தில் "நியாயமாக நம்பியிருந்தார்" என்ற நிபந்தனை கொஞ்சம் இடிக்கும். 15எச் ஃபார்மில் அவர் பேரில் ஒரு உறுதிமொழி இருக்கிறது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் சிறைத் தண்டனை வரைக்கும் உண்டு என்று அந்த ஃபார்மிலேயே போட்டிருப்பார்கள். படிக்காமல் டிக் அடித்தது நான். ஆனால் சட்டத்தின் கண்ணில் கொடுத்தது அவர். அதனால்தான் வரியே வேண்டாம் என்று கேட்கும் பெட்டிஷன்களில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

நம் அரசு தள்ளுபடியே செய்யாது என்றும் இல்லை. 2024 இடைக்கால பட்ஜெட்டில் பழைய சில்லறை பாக்கிகளை அழித்தார்கள். 2009-10 வரைக்கும் உள்ள பாக்கியில் 25,000 வரை, 2010-11 முதல் 2014-15 வரை 10,000 வரை, ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் போகாமல். சுமார் ஒரு கோடிப் பேருக்குப் பயன் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். அதில் யார் பென்ஷன்தாரர், யார் வியாபாரி, யார் நோட்டீஸைக் குப்பையில் போட்டவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. பழசாக இருந்தால் போதும். எனக்கு இது சரியான வழியாகத் தெரியவில்லை. பத்து வருஷம் கட்டாமல் இருந்தால் தள்ளுபடி, இரண்டே வருஷத்தில் வந்து கட்டினால் 50 சதவீதம் கூடுதல்!

அதைவிட நான் கேட்பது சின்னது. வருமானம் பென்ஷனும் டெபாசிட் வட்டியும் மட்டுமே, இரண்டும் ஏற்கெனவே ஏஐஎஸ்ஸில் இருக்கிறது என்றால், முதல் தடவைக்கு மட்டும் அந்தக் கூடுதல் வரி வேண்டாம். வரியும் வட்டியும் போதும். இன்னொன்று, தவணை. அப்டேட்டட் ரிட்டர்ன் போடணும் என்றால் முழுப் பணத்தையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போட முடியும். 40,000 பென்ஷன் வாங்குபவர் ஒரே நாளில் 52,552 எடுத்து வைக்கணும். எங்கள் வீட்டில் நான் இருந்தேன், கட்டினேன். பிள்ளைகள் உதவாத வீடுகளில்?

"முதல் தடவைக்கு மட்டும்" என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பென்ஷன்தாரர்களுக்கு நிரந்தரச் சலுகை என்று வைத்தால், அடுத்த நாளே நம்ம ஆட்கள் எஃப்டியை எல்லாம் அப்பா அம்மா பேருக்கு மாற்றிவிடுவார்கள். நானே மாற்றினேனே! முதியோர் பேரில் வரும் வட்டியில் எவ்வளவு உண்மையில் அவர்களுடையது, எவ்வளவு நம்முடையது என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த விவாதத்தில் "பாவம் பெரியவங்க" என்று சத்தம் போடுபவர்கள் இதைப் பேசவே மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. அடுத்த வருஷமே, 2023-24-ல், புதிய வரி முறை இயல்பான முறையாகி ஏழு லட்சம் வரை ரிபேட் வந்தது. பென்ஷன் கொஞ்சம் ஏறியும் அப்பாவின் வருமானம் ஆறரை லட்சத்தைத் தாண்டவில்லை. ரிட்டர்ன் போட்டிருக்கணும், அது வேறு விஷயம், ஆனால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 2025-26-க்கு அது பன்னிரண்டு லட்சம். ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே வருமானம், ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் 52,552. அந்த வருஷத்துச் சட்டம் அந்த வருஷத்துக்குத்தான் என்பது சரி. ஆனால் இந்த வருமானத்துக்கு வரியே வேண்டாம் என்று அரசே முடிவு செய்த பிறகு, பழைய வருஷத்துக்கு இரண்டு மடங்கு வாங்குவது கொஞ்சம் உறுத்துகிறது.

75 வயதைத் தாண்டியவர்களுக்கு ரிட்டர்னே வேண்டாம் என்று 2021-ல் ஒரு வசதி வந்தது தெரியுமா? பென்ஷன் வரும் அதே வங்கியில்தான் டெபாசிட் வட்டியும் இருக்கணும், வேறு வருமானம் இருக்கக் கூடாது. வங்கியே கூட்டிப் பார்த்து வரி பிடித்துக்கொள்ளும். யோசனை அருமை. இரண்டையும் ஒருவர் கூட்டிப் பார்க்கும் ஒரே இடம் அதுதான். ஆனால் நிஜத்தில் யார் வீட்டில் எல்லாப் பணமும் ஒரே வங்கியில் இருக்கிறது? தபால் ஆபீஸில் கொஞ்சம், பக்கத்து கூட்டுறவு வங்கியில் கொஞ்சம், பிள்ளை சொன்ன வங்கியில் கொஞ்சம். ஏன் 75 என்பதும் எனக்குப் புரிந்ததில்லை. ரிட்டயர் ஆகும் 60-லேயே கொடுத்தால் என்ன?

உங்களுக்கு இதில் என்ன?

அப்பா அம்மா பென்ஷன் வாங்குகிறார்கள் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பான் நம்பரில் போர்ட்டலைத் திறந்து ஏஐஎஸ்ஸைப் பாருங்கள். இந்த வருஷம் மட்டும் இல்லை, 2021-22-லிருந்து. பென்ஷன், எல்லா வங்கி வட்டி, தபால் ஆபீஸ், எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டுங்கள். பாக்கி இருந்தால் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மார்ச் 31 தாண்டும்போதும் சதவீதம் ஏறும்.

அம்மா குடும்ப பென்ஷன் வாங்குபவர் என்றால் இன்னும் கவனம். அது சம்பள வருமானமாகக் கணக்கில் வராது, "இதர வருமானம்" தலைப்பில் வரும். 50,000 நிலையான கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, எது குறைவோ அதுதான் கழிவு. புதிய முறையில் 2024-25 முதல் அந்த 15,000 என்பது 25,000. முக்கியமாக, குடும்ப பென்ஷனில் பொதுவாக யாரும் டிடிஎஸ் பிடிப்பதில்லை. அப்பா இருந்தவரை வரி பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் போன பிறகு நின்றுவிட்டது, அதனால் அம்மாவுக்கு வரி இல்லை என்று நினைத்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எனக்கே நாலைந்து தெரியும்.

பென்ஷன் கொடுக்கும் இடத்தில் வட்டி வருமானத்தையும் எழுதிக் கொடுத்து, "இதையும் சேர்த்துப் பிடிச்சுக்கோங்க" என்று கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு. அதே சட்டம்தான் உங்களுக்கும். உங்கள் ஹெச்ஆர் போர்ட்டலில் "இதர வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் கடைசியாக எப்போது எண் போட்டீர்கள்? சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி எல்லாம் உங்கள் ஏஐஎஸ்ஸிலும் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பையனிடமும் இதைத்தான் கேட்டேன். சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினான்.

ஜூனில் ஊருக்குப் போயிருந்தேன். சலானைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். பணம் நான் கட்டினேன் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "என் பேர்ல வந்த பாக்கிய நீ ஏன் கட்டணும்?" என்றார். என் பணத்தால் வந்த பாக்கிதான் என்று சொல்லிப் புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு எல்லாவற்றையும் தன் டைரியில் எழுதிக்கொண்டார், பழைய ஆபீஸ் பழக்கம். எஃப்டி முதிர்ந்ததும் 15 லட்சத்தை உன் பேருக்கே மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். கண்டிஷனாகவே சொன்னார். இனிமேல் அந்த வட்டிக்கு 31.2 சதவீதம் நான் கட்டப் போகிறேன்.

டைரியை மூடும் முன் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வருஷமும் ஏப்ரல்ல 15எச் போட்டியே, அதுல மொத்த வருமானம்னு இருக்குற கட்டத்துல எவ்வளவு போட்டே?"

"இந்த வருஷம் பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லப்பா, பிரச்சினை வராது" என்றேன்.

"அது சரி. எவ்வளவு போட்டே?"

போனை எடுத்து வங்கி ஆப்பில் பார்த்தேன். இரண்டு கட்டத்திலும் வட்டித் தொகைதான் இருந்தது. பென்ஷன் இந்தத் தடவையும் இல்லை.